சடலம் தூக்கிய பொலிஸ்காரருக்கு அடுத்த நாள் என்ன செய்வது?

பின்னேரம் நாலு மணிக்கு ஒரு பொறுப்பதிகாரி அழைத்தார். முதல்நாள் இரவு கல்முனை வீதியில் வானும் டிப்பரும் மோதியிருந்தன. நொறுங்கிய வானுக்குள்ளிருந்து ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் வெளியே எடுத்தது அவருடைய நிலையத்தின் மூன்று பேர். அதில் ஒருவர் சேவைக்கு வந்து எட்டு மாதம்தான்.

“மிஸ், நாளைக்குக் காலம்பற வந்து பொடியன்மாருக்கு ஒரு கவுன்சிலிங் புரோகிராம் செஞ்சு தர ஏலுமா? மண்டபம் இருக்கு. எல்லாரையும் இருத்துறேன். ரெண்டு மணித்தியாலம் காணும்.”

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை வேலை பார்ப்பவள் நான். இப்படி அழைப்பு வருவதே பெரிய முன்னேற்றம். பத்து வருடத்துக்கு முன்பு என்றால் “பொலிஸ்காரனுக்கு என்ன கவுன்சிலிங்” என்று சிரித்திருப்பார்கள். இருந்தும் அவரிடம் சொன்னேன்: “நாளைக்கு வேணாம் சேர். வேற மாதிரிச் செய்வம்.” அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். ஏன் அப்படிச் சொன்னேன், அவர் முன்னால் இருந்த வழிகள் எவை, அவற்றில் எதை முதலில் வைத்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எந்தப் பொறுப்பதிகாரிக்கும் இந்தக் கேள்வி எப்போதாவது வந்தே தீரும்.

எங்கள் பக்கத்துப் பொலிஸார் பார்த்தவை கொஞ்சமல்ல. 1990 ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டதைச் சேவையில் பழையவர்கள் இன்னும் தாழ்ந்த குரலில்தான் கதைப்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடற்கரை முழுக்கச் சடலம். 2018 நவம்பர் 30 அன்று வவுணதீவுக் காவலரணில் இரண்டு கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, ஐந்து நாள் கழித்து சாய்ந்தமருதில் ஒரு வீட்டில். இரண்டு இடத்திலும் பிள்ளைகள். 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்கள் வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது.

பத்திரிகையில் வந்தவை இவை. வராதவைதான் கூட. தூக்கில் தொங்குபவரை இறக்குவது, வாவியில் ஊதிக் கிடப்பதைத் தோணியில் ஏற்றுவது, திடீர் மரண விசாரணை அதிகாரி வரும்வரை சடலத்துக்குப் பக்கத்தில் நிற்பது. இலங்கையில் தற்கொலை உச்சத்திலிருந்த 1995 இல் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் அளவில் தற்கொலை செய்துகொண்டார்கள். இப்போது அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் அன்றும் சரி இன்றும் சரி, அந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொலிஸ்காரர் போயே ஆகவேண்டும்.

“பொலிஸுக்காக ஏன் இவ்வளவு இரக்கம்?” என்று இதைப் படிக்கும் சிலருக்குத் தோன்றும். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது, நான் அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் மூன்று மாதமாக நித்திரையில்லாத, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிற, தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிற ஒருவரிடம்தான் இரவு பதினொரு மணிக்கு உங்கள் மகன் விசாரணைக்குப் போகிறான். அதையும் யோசித்துப் பாருங்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

அவர் கேட்டது மண்டபக் கூட்டம். இதற்கு டிபிரீஃபிங் என்று பெயர். 1983 இல் ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர் தீயணைப்புப் படையினரையும் அம்புலன்ஸ் ஊழியரையும் மனதில் வைத்து எழுதிய முறை. சம்பவம் நடந்து ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் எல்லாரையும் வட்டமாக இருத்தி, ஏழு படியாகக் கேட்டுக்கொண்டு போவார்கள். என்ன நடந்தது, முதலில் என்ன நினைத்தாய், எந்தக் கணம் மிக மோசம், இப்போது உடம்பில் என்ன செய்கிறது, இப்படி. மனதிலுள்ளதைக் கொட்டினால் பாரம் குறையும் என்பது எங்கள் பாட்டிமாரும் சொல்வதுதானே. அதனால் உலகம் முழுக்கப் பரவியது.

பிறகு சோதித்துப் பார்த்தார்கள். 1997 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் தீக்காயத்தோடு வைத்தியசாலைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரே அமர்வில் டிபிரீஃபிங் செய்தார்கள், மறுபகுதியினரைச் சும்மா விட்டார்கள். 13 மாதம் கழித்துப் பார்த்தால், கதைக்க வைக்கப்பட்டவர்களில் 26 வீதமானோருக்கு மனவடு நோய், அதாவது நடந்தது திரும்பத் திரும்ப மனதில் வந்து வாட்டும் நோய், சும்மா விடப்பட்டவர்களில் 9 வீதம். 2000 இல் வந்த இன்னொரு ஆய்வு வீதி விபத்தில் காயப்பட்டவர்களை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தது. ஆரம்பத்தில் கடுமையாகக் கலங்கியிருந்தவர்களில், டிபிரீஃபிங் செய்யப்பட்டவர்கள்தான் மூன்று வருடத்துக்குப் பிறகும் கலங்கியபடி இருந்தார்கள். யாரை முதலில் கூப்பிட்டு இருத்தவேண்டும் என்று நாம் நினைப்போமோ, அவர்களுக்கே அது கூடாமல் போயிருக்கிறது. எந்தச் சிகிச்சையைச் செய்யலாம் என்று வழிகாட்டி எழுதும் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2018 வழிகாட்டியில் இதைச் செய்யவேண்டாம் என்றே எழுதிவிட்டது.

மிட்செல் பக்கத்து வாதத்தையும் சொல்லவேண்டும். இது கட்டிலில் கிடக்கும் நோயாளிக்குத் தனியாகச் செய்வதற்கு வந்ததல்ல, ஒன்றாக வேலை செய்யும் குழுவுக்கு, வேறு உதவிகளோடு சேர்த்துச் செய்வதற்கு வந்தது என்பார்கள். நியாயமான வாதம். கொசோவோ அமைதிப்படையில் இருந்த 900க்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரிடம் குழுவாகச் செய்து பார்த்தபோது பெரிய தீங்கும் தெரியவில்லை, பெரிய பயனும் தெரியவில்லை.

ஆனால் எங்கள் பொலிஸ் நிலையத்து மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். முன்வரிசையில் பொறுப்பதிகாரி, அடுத்து சப் இன்ஸ்பெக்டர்மார், கடைசியில் அந்த எட்டு மாதப் பையன். அவன் வாய் திறப்பானா? திறந்தால் “பயந்துட்டான்” என்ற பெயர் அவனோடு அடுத்த இடமாற்றம் வரைக்கும் போகும். அந்த இடத்துக்கே போகாத இருபது பேர் அங்கே இருந்து, பிள்ளைகளின் கோலத்தை முதல்முறையாகக் கேட்டு, அதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். துப்பாக்கிச் சூடு போன்ற சம்பவமென்றால் இன்னும் சிக்கல். நாளை நீதிமன்றத்தில் தான் கண்டதைச் சொல்லவேண்டியவர், பக்கத்தில் இருந்தவர் சொன்னதையும் சேர்த்துத் தான் கண்டதாகவே ஞாபகம் வைத்துக்கொள்வார். மண்டபக் கூட்டத்தில் ஒரே ஒரு நன்மைதான் எனக்குத் தெரிகிறது. போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பலாம்.

அடுத்தது, ஒன்றும் செய்யாமல் விடுவது. இதைக் கேவலமாக நினைக்கத் தேவையில்லை. கூடாததைச் செய்வதைவிட நல்லது, அதுவும் உண்மை. பெரும்பாலானவர்கள் முதல் இரண்டு மூன்று வாரம் நித்திரையில்லாமல், சாப்பாடு இறங்காமல் இருந்துவிட்டுத் தாமாகவே தேறிவிடுவார்கள். அந்த வாரங்களில் வருவது நோயல்ல. ஆனால் “விட்டுப் பார்ப்பது” வேறு, “விட்டுவிடுவது” வேறு. முதலாவதில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், இரண்டாவதில் யாருமில்லை. எங்கள் நிலையங்களில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

லீவு கொடுத்து அனுப்புவதும் இதோடு சேர்ந்தது. நான் லீவின் பக்கம். அம்பாறைக் கரையில் வேலை செய்பவரின் வீடு குருநாகலிலோ பதுளையிலோ இருக்கலாம். பிள்ளைகளின் சடலம் தூக்கியவருக்குத் தன் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்றிருக்கும். அதற்கு எந்த மருந்தும் ஈடில்லை. 2021 டிசம்பர் 24 இரவு திருக்கோவில் பொலிஸ் நிலையத்தில் ஒரு சார்ஜன்ட் சுட்டதில் சக பொலிஸார் நான்கு பேர் இறந்தார்கள். லீவு கிடைக்காத கோபம் என்று அப்போது செய்திகள் வந்தன. ஒருவர் மனதுக்குள் என்ன நடந்தது என்று வெளியிலிருந்து நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகும் லீவுப் படிவத்தைச் சாதாரணக் கடதாசியாகப் பார்க்க என்னால் முடியவில்லை. ஒரு எச்சரிக்கையும் உண்டு. லீவு இரண்டு மூன்று நாளாக இருக்கட்டும், கேட்டவருக்குக் கொடுக்கட்டும். கேட்காதவரைப் பலவந்தமாக இரண்டு கிழமைக்கு வீட்டுக்கு அனுப்பினால், அந்த இரவில் தன்னோடு நின்ற இரண்டு பேரிடமிருந்து அவரைப் பிரித்ததாகிவிடும். வீட்டில் யாருக்கும் அது விளங்காது, போத்தலுக்குத்தான் விளங்கும்.

இடமாற்றமும் அப்படியே. “இலேசான இடத்துக்குப் போடுகிறேன்” என்பது கேட்பவர் காதில் தண்டனையாகவே விழும்.

இப்போது நான் முதலில் வைக்கும் இரண்டு வழிகள். இவை ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல, ஒன்றன்பின் ஒன்று.

முதலாவது உளவியல் முதலுதவி. உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வேறு அமைப்புகளோடு சேர்ந்து ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பார், கேள், தொடர்புபடுத்து என்ற மூன்று சொல்தான் அதன் உயிர். என்ன நடந்தது என்று தோண்டிக் கேட்பது அதில் இல்லை. அவராகச் சொன்னால் கேட்பது, சொல்லாவிட்டால் சும்மா பக்கத்தில் இருப்பது. விபத்து இரவில் இதை எப்படிச் செய்வது? மூவரையும் அன்று இரவே அறிக்கை எழுத இருத்தாமல், அவசியமான நாலு வரியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பகலுக்கு வைப்பது. இரத்தம் பட்ட சீருடையை மாற்றிக் குளிக்கச் சொல்வது. சூடாக ஒரு இஞ்சித் தேத்தண்ணி. வீட்டுக்கு ஒரு கோல். இரவு ரோந்துக்கு வேறு ஆள். இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். இவ்வளவுதான். இது பின்னால் வரும் மனவடுவைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆய்வு இல்லை. ஆனால் தீங்கில்லை, செலவில்லை, அன்றிரவே செய்யலாம், உளவளத்துணையாளர் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பொறுப்பதிகாரி தானே செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

இரண்டாவது, நிலையத்துக்குள்ளேயே பயிற்சி பெற்ற ஒரு சகா. இதில்தான் நான் கொஞ்சம் நின்று கதைக்கவேண்டும்.

பிரித்தானியாவின் ரோயல் மரீன்ஸ் படை 1990களின் கடைசியில் தொடங்கிய ட்ரிம் என்ற முறை இப்போது அந்த நாட்டுப் பொலிஸ் படைகள் பலவற்றிலும் இருக்கிறது. வைத்தியரோ உளவியலாளரோ இல்லை, கூட வேலை செய்பவரே சில நாள் பயிற்சி எடுத்து, சம்பவம் நடந்து மூன்று நாள் போல ஒருமுறை, ஏறக்குறைய 28 ஆம் நாளில் இன்னொருமுறை உட்கார்ந்து கதைப்பார். சம்பவத்துக்கு முன்னால், நடக்கும்போது, பிறகு என்று வரிசையாகக் கேட்டு, இவர் தேறிக்கொண்டு வருகிறாரா, மோசமாகிறாரா என்று மட்டும் பார்ப்பார். சிகிச்சை செய்யமாட்டார். முதல் தடவையை விட இரண்டாவதில் குறையாவிட்டால், “வா மச்சான், நானும் வாறன்” என்று வைத்தியரிடம் கூட்டிப்போவார்.

இதையும் சோதித்திருக்கிறார்கள். பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களில் செய்த ஆய்வில் மனநலத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை, தீங்கும் தெரியவில்லை. அப்படியிருக்க ஏன் இதைத் தூக்கிப் பிடிக்கிறேன்? இதன் வேலை குணப்படுத்துவதல்ல, கண்டுபிடிப்பது. நிலையத்தில் நாற்பது பேர் இருந்தால் அதில் உதவி தேவைப்படுவது இரண்டு பேருக்கு இருக்கலாம். அந்த இரண்டு பேர் யார் என்று மண்டபத்தில் வந்து நிற்கும் எனக்கு ஒருபோதும் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் படுப்பவருக்குத் தெரியும்.

கேள்விகளும் எங்கள் பாஷையில் இருந்தால் போதும். நித்திரை வருதா? அந்த இடத்தால போகேலுதா, இல்ல சுத்திப் போறியா? டிப்பர் சத்தம் கேட்டா என்ன செய்து? வீட்டில பிள்ளைகளோட சத்தம் போடுறியா? ராவைக்கு எவ்வளவு குடிக்கிறாய்? இந்த ஐந்துக்கும் நேர்மையான பதில் கிடைத்தால், ஒரு வைத்தியருக்குத் தேவையானதில் பாதி கிடைத்த மாதிரி.

ஆளைத் தெரிவதில்தான் எல்லாமே இருக்கிறது. மேலதிகாரி கூடாது. பதவி உயர்வுக்கு அறிக்கை எழுதுபவரிடம் யாரும் அழுவதில்லை. நிலையத்தில் கடன் பிரச்சினைக்கும் வீட்டுச் சண்டைக்கும் எல்லாரும் ஏற்கெனவே யாரிடம் போகிறார்களோ, அவரைத்தான் பிடிக்கவேண்டும். எங்கள் மாவட்டங்களில் ஒருவர் போதாது. சிங்களத்தில் கனவு காண்பவரை அரைகுறைத் தமிழில் மனம் திறக்கச் சொல்ல முடியாது, மறுபக்கமும் அப்படித்தான். பெண்கள், சிறுவர் பிரிவில் இருப்பவர்கள் நாளாந்தம் கேட்பவை வேறு வகை, அவர்களுக்கு ஒரு பெண் சகா வேண்டும். ஆக மொத்தம் இரண்டு மூன்று பேர்.

குறைகளும் இல்லாமலில்லை. சகா வாய்க்கட்டுப்பாடு இல்லாதவராக இருந்தால் எல்லாம் கெட்டது. சொல்வது வெளியே போகாது என்று உறுதி கொடுக்கும்போதே, தன்னையோ பிறரையோ ஆபத்துக்குள்ளாக்குவது போலத் தெரிந்தால் மட்டும் வெளியே சொல்லவேண்டி வரும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் தொழில் இது. அப்படியான நேரத்தில் ஆயுதமில்லாத வேலையைச் சில கிழமைக்கு மானக்கேடில்லாமல் கொடுக்க நிலையத்தில் ஒரு வழக்கம் இருக்கவேண்டும். அப்புறம், எல்லாருடைய பாரத்தையும் கேட்டுக் கேட்டு அந்தச் சகாவே சாய்ந்துவிடுவார். அவருக்கும் கேட்க ஒருவர் தேவை. அந்த இடத்தில் என்னைப் போன்றவர்களைப் பயன்படுத்தலாம். மாதம் ஒருமுறை வருகிறேன், சந்தோஷமாக.

வைத்தியசாலையைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்தால், அதற்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை உண்டு. அதிர்ச்சியை நேரடியாகக் கையாளும் சி.பி.டி., அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை, பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வு. கண்ணசைவோடு செய்யும் ஈ.எம்.டி.ஆர். இன்னொன்று. பலன் என்று பார்த்தால் இந்தப் பட்டியலில் மற்ற எதுவும் இவற்றுக்குக் கிட்டவராது. அப்படியானால் ஏன் எல்லாரையும் நேரே அங்கே அனுப்பவில்லை? முதல் கிழமையில் எல்லாருக்கும் அது தேவையில்லை. இங்கே வாராவாரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி அதைச் செய்யக்கூடியவர்களும் குறைவு, தேவையானவருக்கே அந்த நேரம் போகவேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் கிளினிக் வாங்கில் சிவில் உடுப்போடு இருக்கும் கான்ஸ்டபிளுக்குப் பக்கத்தில், போன கிழமை அவர் பிடித்துக்கொண்டுபோன ஆள் வந்து இருப்பார். சிறிய ஊர். அதனால் பொறுப்பதிகாரி வைத்தியரோடு முன்கூட்டியே கதைத்து, பின்னேரத்தில், பொலிஸ் கடிதம் இல்லாமல் போக ஒரு வழி செய்து வைத்தால் பாதித் தடை விலகும். வெட்கம் மிஞ்சியவருக்கு 1926 இருக்கிறது, தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி உதவிச் சேவை. நள்ளிரவுக்கு அது நல்லது, சிகிச்சைக்கு மாற்று இல்லை.

பார்மசியில் நித்திரைக் குளிசை வாங்கிப் போடுவதை மட்டும் கண்டிப்பாகத் தடுக்கவேண்டும். டயசிபாம் போன்றவற்றை முதல் மாதத்தில் இதற்குக் கொடுக்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2013 இல் சொல்லிவிட்டது.

பட்டியலில் ஒருவரும் எழுதாத, ஆனால் உண்மையில் எல்லாரும் முதலில் போகும் வழி ஒன்று இருக்கிறது. கோயிலில் நூல் கட்டுவது, பள்ளிவாசலில் ஓதிப் பார்ப்பது, விகாரையில் பிரித் நூல் கட்டுவது. “பயந்த கோளாறு” என்று தாய் கூட்டிக்கொண்டு போவாள். நான் சிரிப்பதில்லை. ஒரு பெரியவர் தலையில் கை வைத்து, நடந்தது உன் பிழையில்லை என்ற தோரணையில் திருநீறு பூசி அனுப்புகிறார். உளவியல் முதலுதவியின் முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது. வைகாசிக் குளிர்த்திக்கு அம்மன் கோயிலில் போய் நின்றுவிட்டு வந்து “இப்பதான் நித்திரை வருது” என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். யாரோ சூனியம் செய்துவிட்டார் என்று ஒருவரைக் காட்டித் தொடங்கினால்தான் பிரச்சினை. அப்போது மாதங்கள் வீணாகும், பக்கத்து வீட்டோடு பகையும் மிஞ்சும்.

ஆக, அந்தப் பொறுப்பதிகாரிக்கு நான் சொன்னது இதுதான். மண்டபம் வேண்டாம். இன்றைக்கு மூவரையும் ஒன்றாகவே வைத்திருங்கள், இரவு டியூட்டி போடாதீர்கள், லீவு கேட்டால் மூன்று நாள் கொடுங்கள். நாளை மறுநாள், அவர்கள் நம்பும் ஒரு சார்ஜன்டைப் பக்கத்தில் இருந்து கதைக்கச் சொல்லுங்கள், என்ன கேட்பது என்று அவருக்கு நான் போனில் சொல்லித் தருகிறேன். பயிற்சி இல்லாதவர்தான், ஆனால் இந்த முறைக்கு அதுதான் கையில் இருக்கிறது. அடுத்த சம்பவத்துக்கு முன் இரண்டு பேரைப் பயிற்றுவிப்போம். நாட்காட்டியில் 28 ஆம் நாளை வட்டமிடுங்கள், அன்றைக்கு நானே வருகிறேன்.

“சரி மிஸ். மூணு பேர்ட பேரையும் எழுதிக்கொள்ளுங்க” என்றார்.

“பிரேத அறை வாசல்ல யார் சேர் நின்ற?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அது வேற ஒரு பி.சி. தகப்பன் வந்து பிள்ளைகள அடையாளம் காட்டக்குள்ள இவர்தான் பிடிச்சிக்கொண்டு நின்றவர். ஆனா அவர் விபத்து நடந்த இடத்துக்குப் போகல்லையே மிஸ்.”

“அவர்ட பேரையும் எழுதுவம்.”

“இண்டைக்கும் அவருக்கு அங்கதான் டியூட்டி” என்றார். “இருங்க, இப்பவே ஆள மாத்துறேன்.”